மாமாவின் போட்டோவுக்குப் பக்கத்து ஆணி

கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்த அன்றே நான் ஒரு கூத்துப் பண்ணினேன். ஹாலில் பெரிய போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. அரக்குப் பட்டு, ஒட்டியாணம், காசுமாலை, நெற்றிச்சுட்டி, மூக்குத்தி என்று ஒன்று விடாமல் போட்டுக்கொண்டு ஒரு பெரியம்மா நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் பளபளவென்று இருந்தன. கழுத்தில் மூன்று மடிப்பு. அடடா, என்ன லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். செத்துப்போன மூத்தவர் யாரோ, ஆசீர்வாதம் வாங்காவிட்டால் வந்த அன்றே குறை சொல்வார்கள் என்று நானாகவே முடிவுகட்டி, கூறைப்புடவை கசங்க விழுந்து கும்பிட்டேன். எழுந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு, இவங்க எப்போ தவறினாங்க என்று பணிவாகக் கேட்டேன்.

பின்னால் நின்றிருந்த என் மாமனார் முனுசாமி தொண்டையைக் கனைத்தார்.

"இன்னும் தவறலம்மா. அது நாந்தான்," என்றார்.

நான் வாழ வந்த இந்தத் திருப்பதியில் மே மாதம் கங்கம்மா ஜாத்திரை நடக்கும். அம்மனுக்கு வேண்டிக்கொண்ட ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, நகை போட்டுப் பெண் வேஷத்தில் கோவிலுக்குப் போவார்கள். என் பிறந்த ஊரான சித்தூரிலும் கங்கம்மாவுக்கு ஜாத்திரை உண்டு. ஆனால் எங்கள் வீட்டு ஆம்பிளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு வடை சாப்பிட்டு வருகிறவர்கள். அதனால் எனக்கு இந்தச் சங்கதி பிடிபடவில்லை. மாமா தன் கல்யாணத்துக்கு முன்பு ஒரு வருஷம் வேஷம் கட்டியிருக்கிறார். அன்றைக்கு ஊரே அவர் பின்னால் வந்ததாம். ஸ்டூடியோக்காரர் அந்தப் போட்டோவைக் கடை வாசலில் மாட்டி வைக்க, பாகாலாவிலிருந்து வந்த ஒருத்தர் இது யார் வீட்டுப் பெண், ஜாதகம் கிடைக்குமா என்று கேட்டாராம். இந்த இடம் வரும்போது என் மாமியார் பொன்னியம்மாள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவார்.

இந்த வீட்டில் அழகுக்கு அளவுகோல் அந்தப் போட்டோதான். வருகிறவர் போகிறவரெல்லாம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்தக் காலத்தில் அழகு என்றால் சதை. சதை இருந்தால் வீட்டில் நெல் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த பிள்ளை என் வீட்டுக்காரர் யோகேஷ். ஏர்பேடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ஜிம்மில் இருப்பார். வயிற்றில் ஆறு கட்டி தெரிய வேண்டும் என்று எதையோ கரைத்துக் குடிப்பார். அதன் வாசனையில் பூனை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. மார்பு வரை இறங்கிய தாடி வேறு. அதற்கு எண்ணெய், அதற்குச் சீப்பு, அதற்குத் தனி சோப்பு. பெண் பார்க்க வந்தபோதே தாடியோடுதான் வந்தார், தாலி கட்டியதும் தாடியோடுதான். உண்மையைச் சொன்னால் நான் தாடிக்குத்தான் கழுத்தை நீட்டினேன். அதற்குள் இருந்த முகம் எனக்குத் தெரியாது.

எங்கள் மகள் பிறந்தபின் எனக்கு உடம்பு போட்டுவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு, போடத்தான் செய்யும். ஆனால் யோகேஷ் அன்றாடம் செல்போனில் பார்க்கிற பெண்களுக்கெல்லாம் பிள்ளை பெற்ற மறுநாளே வயிறு ஒட்டிவிடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அதுதான் நியாயம் என்று ஆகிவிட்டது. சமையலறைக்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தார். என் தட்டில் சோறு விழுந்தால் அதில் எண் ஓடும். அவர் கெட்டவர் இல்லை. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு நடப்பார், நாப்கின் துணிகளை முகம் சுளிக்காமல் துவைப்பார். வாய்தான் சரியில்லை. ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று, நான் அசிங்கமா இருக்கேனா என்று கேட்டேன். அந்த மனுஷர் யோசித்துப் பார்த்துவிட்டு, "குறைச்சிட்டா நல்லா இருப்பே," என்றார். யோசித்துச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம்.

மகளுக்கு அலர்மேல்மங்கை என்று பேர். ஆள் தலையணை அளவுதான், பேர் மட்டும் கோவில் அளவு, அதனால் மங்கை என்று கூப்பிடுகிறோம். அவள் பிறந்ததும் மஞ்சள் காமாலை என்று கண்ணாடிப் பெட்டியில் விளக்கு வெளிச்சத்தில் போட்டு வைத்தார்கள். நான் கட்டிலில் கிடந்து அழுதேன். நல்லபடியாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாமா சுத்தியலை எடுத்து, தன் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தார். நானும் பிள்ளையும் யோகேஷும் சேர்ந்து ஒரு போட்டோ, அதற்கான ஆணி.

மங்கைக்குப் பத்து மாதமாகியும் அந்த ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை. கேட்டால் யோகேஷ், கொஞ்சம் குறைச்சதும் நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாம் ஹரி, லைப் முழுக்கப் பார்க்கிற போட்டோ என்பார். ஹரி என்றால் நான். அவரை மட்டும் குறை சொல்லி என்ன. நானும் அப்படியே ஆகிவிட்டேன். யாராவது போனைத் தூக்கினால் நான் ஒதுங்கிவிடுவேன். மங்கை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்களை வரிசையாகப் பார்த்தால் அவளுக்கு அம்மா கிடையாது, ஒரு கைதான் உண்டு. முதுகைத் தாங்குகிற கை, தொட்டிலை ஆட்டுகிற கை, கிண்ணத்தை நீட்டுகிற கை. ஒரு போட்டோவில் அந்தக் கையும் பருமனாகத் தெரிகிறது என்று நானே வெட்டிவிட்டேன். அதில் பிள்ளை அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜாத்திரைக்குக் கொஞ்ச நாள் முன்னால் மங்கை விரலை நீட்டிக் காட்டப் பழகினாள். விளக்கு எங்கே என்றால் விளக்கு, பல்லி எங்கே என்றால் பல்லி. மாமா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றி வருவார். அன்றைக்கு நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எங்க என்று கேட்டார். மங்கை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள், விரலை நீட்டினாள், அரக்குப் பட்டுக் கட்டிய மாமாவைக் காட்டினாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புடவை, சதை, மூக்குத்தி, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, பிள்ளை மேல் தப்பில்லை. பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் பிள்ளைக்குச் சுவரில் அம்மா வேண்டும் என்றால் மாமனாரைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த ஆணி வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. குறைத்த பிறகு வேண்டாம், இந்த உடம்போடு வேண்டும். ஆனால் அதைப் போய் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னாலும் போனைத் தூக்கிய உடனே ஒதுங்கப் போகிறவள் நான்தான்.

ஜாத்திரைக்குச் சாட்டிம்பு போட்டார்கள். அதாவது திருவிழா தொடங்குகிறது என்று ஊரறிய அறிவித்துவிட்டார்கள். அதன் பிறகு உள்ளூர்க்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். அதற்காகவே காத்திருந்தது போல மாமியார் அன்று சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தை உடைத்தார். குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது அவர் அம்மவாருக்கு ஒரு மொக்கு வேண்டிக்கொண்டாராம். தெலுங்குக்காரர்களோடு பழகிப் பழகி வேண்டுதலுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பேர்.

"புள்ள நல்லபடியா வூட்டுக்கு வந்தா எம்மவன் பொம்பள வேஷம் கட்டிக்கினு வருவான்னு சொல்லிட்டேன்டா," என்றார்.

யோகேஷின் கையிலிருந்த அவித்த முட்டை தட்டில் விழுந்தது. என்னைக் கேட்காமல் எப்படி என்று குதித்தார். நைட் ஷிப்ட் இருக்கிறது என்றார். நீ வேண்டிக்கொண்டால் நீயே கட்டு என்றார். நான் ஏற்கெனவே பொம்பளதானேடா என்றார் மாமியார். கடைசியில் அந்தக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் அவருக்கும் வந்திருக்க வேண்டும். மங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி என்றார். உடனே கை தாடிக்குப் போனது. தாடியோடு கட்டலாமில்லே என்று ஈனக் குரலில் கேட்டார்.

தாடி வைத்த அம்மனை எந்த ஊர்லடா பார்த்தே என்றார் மாமா.

எங்கள் குடும்பத்தில் வேஷத்துக்கு இன்னொரு வழக்கம் உண்டு. வாடகைப் புடவை, கடைப் புடவை ஆகாது. வீட்டுப் பெண் கட்டிப் பழகிய புடவையாக, அவள் போட்டுப் பழகிய ரவிக்கையாக இருக்க வேண்டும். யோகேஷ் பீரோவைத் திறந்து, என் கல்யாண ரவிக்கையை எடுத்தார். நான் இளைத்தால் மறுபடி போட வேண்டும் என்று அவர்தான் அதைக் கண்ணில் படுகிற மாதிரி தொங்கவிட்டிருந்தார். கையை நுழைத்தார். முழங்கையைத் தாண்டவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார். தையல் ஒன்று பட்டென்று விட்டது. பிறகு வேறு வழியில்லாமல், நான் தினமும் போடுகிற ரவிக்கை ஒன்றைக் கொடுத்தேன். கொக்கி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். அளவெடுத்துத் தைத்தது போல அவ்வளவு அருமையாகப் பொருந்தியது. தோள், கை, சுற்றளவு எல்லாம் அச்சு அசல்.

இரண்டு பேரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜிம்முக்கு அத்தனை பணம் கட்டி அவர் வந்து சேர்ந்திருந்த அளவு என் அளவுதான். அவர் ரவிக்கையைக் கழற்றி, மூலைக்கு மூலை சரியாக மடித்து வைத்தார்.

வேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சவரக் கடைக்குப் போனார். திரும்பி வந்தவர் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார். மாமியார் போய்க் கைக்குட்டையைப் பிடுங்கினார்.

தாடிக்குக் கீழே தாடை இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். எல்லோருக்கும் இருக்கிறது, இவருக்கும் இருக்கும் என்று நினைப்பதில் தப்பில்லையே. உதடு முடிந்தது, கொஞ்சம் இடம் இருந்தது, உடனே கழுத்து வந்துவிட்டது. மாமியார் அசரவில்லை, தன் தம்பி முகம் அப்படியே என்று பெருமையாகச் சொன்னார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டார். மங்கைதான் உள்ளதை உள்ளபடி சொன்னாள். தவழ்ந்து வந்தவள் அண்ணாந்து பார்த்து, யாரோ திருடன் வந்துவிட்டது போல வீறிட்டாள். தினமும் அவர் தாடியைப் பிடித்துத் தொங்கித்தான் அவள் தூங்குவாள். தாடி இல்லாத ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் குனியக் குனிய அவள் கத்தினாள்.

அவர் சமையலறைக்கு வந்து, எண்ணெய் டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அசிங்கமா கீறேனா ஹரி?" என்று கேட்டார்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க அந்தச் சின்ன முகம் எனக்குப் பிடித்தும் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நானும் மனுஷிதானே.

"வளர்ந்துட்டா நல்லா இருப்பீங்க," என்றேன்.

மறுநாள் காலையில் பக்கத்துப் போர்ஷன் கன்னிகா அக்கா வந்தாள். முன் அறையிலேயே பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவள். யோகேஷை நாற்காலியில் உட்கார வைத்து வேலையை ஆரம்பித்தாள். முதலில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு மை தீட்டியதும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பொட்டு வைத்ததும் மறுபடி வாங்கினார். அதன் பிறகு கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தப் பக்கம் புருவம் ஏறியிருக்கிறதே, லிப்ஸ்டிக் கொஞ்சம் கம்மியா போடலாமா, தாடை இருக்கிற மாதிரி கோடு ஏதாவது இழுக்க முடியுமா என்று ஆரம்பித்துவிட்டார். கன்னிகா அக்கா பத்து வருஷத் தொழிலில் இப்படி ஒரு கல்யாணப் பெண்ணைப் பார்த்ததில்லை என்றாள்.

ரவிக்கை பொருந்தினாலும் முன்பக்கம் வேஷத்துக்குத் தக்கபடி இல்லை. மங்கையின் பால் துடைக்கிற துணிகள் கொடியில் கிடந்தன. அதில் இரண்டை உருட்டி வைத்தோம். நான் அடிக்கடி கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிவிட்டேன். கொசுவம் வைக்கும்போது அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"இந்தப் பொடவைல இடுப்பு பெருசா தெரியுதா?" என்று கேட்டார்.

கன்னிகா அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கொசுவத்தை மடித்தேன். சிரித்தால் கொசுவம் கலைந்துவிடும்.

தெருவில் இறங்கியதும்தான் தேர்வே ஆரம்பித்தது. மாமா பக்கத்திலேயே நடந்து வந்தார். நிமிர்ந்து நட, அடி சின்னதா வை, பட்டாளத்துக்குப் போற மாதிரி கையை வீசாதே என்று வழிநெடுக வாத்தியார் வேலை. யோகேஷும் மெய்யாகவே முயன்றார். கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, தாடை தெரியாத கோணம் எது என்று கண்டுபிடித்து, அதே கோணத்தில் எல்லோரையும் பார்த்தார். நல்லா இருக்கே என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும் என்று அவர் ஏங்கியது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும், அந்த ஏக்கத்தில்தானே பத்து மாதமாக நான் குடியிருக்கிறேன்.

ஆனால் வாசலில் நின்ற பெண்கள் யாருக்கும் அவர் கம்பெனி தெரியாது, ஜிம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஹாலில் இருக்கிற போட்டோ.

"இவனா முனுசாமி மவன்? நைனா இன்னா அழகா இருந்தாரு. இது இன்னாமே இப்டி காஞ்சி கீது?" என்றாள் ஒருத்தி.

தோள் ஏன் கதவு மாதிரி இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. கன்னத்தில் பிடிக்க ஒன்றுமில்லையே என்று ஒரு பெரியம்மா பிடித்தே பார்த்தாள். முறுக்குக் கடை வைத்திருக்கிற தெலுங்குக்கார அம்மா ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "அய்யோ பாபம், இன்ட்லோ அன்னம் பெட்டவா?" என்றாள். வீட்டில் நீ சோறு போடுவதில்லையா என்று என்னைக் கேட்கிறாள். சோற்றை நிறுத்துப் போடுகிறவரே அவர்தான் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவள் நம்பவில்லை.

வேஷம் கட்டியவருக்கு வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுப்பார்கள். அம்மனாக வந்தவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதிலும் இந்த அம்மன் இளைத்திருக்கிறாள் என்று தெருவே முடிவுசெய்துவிட்டது. பொங்கலைக் கையால் உருட்டி வாயில் வைத்தார்கள். வெல்லம், வடை, கூழ், மறுபடி பொங்கல். நாலு வாய் துன்னுமா, அப்பத்தான் முகத்துல களை வரும் என்று ஒருத்தி தாடை இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக் கொடுத்தாள். முதல் வீட்டில் அவர் கண்ணில் பயம் இருந்தது. அஞ்சாறு வீடு தாண்டியதும், வடை கொடுத்தவளிடம் சட்னி இல்லையா என்று கேட்டார்.

கோவில் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. கூட்டமான கூட்டம். தரிசனம் முடித்து ஒரு வேப்பமரத்து நிழலில் ஒதுங்கினோம். கன்னிகா அக்கா போனை எடுத்தாள். எல்லாரும் சேர்ந்து நில்லுங்க, வேஷத்தோட ஒரு போட்டோ என்றாள். யோகேஷ் உடனே கழுத்தைச் சாய்த்துக் கோணம் பிடித்தார். நான் பழக்கதோஷத்தில் இரண்டடி பின்னால் போனேன். மங்கை என் இடுப்பில் இருந்தாள். அவளை அவரிடம் நீட்டிவிட்டு, கையை மட்டும் முதுகில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆனால் நேற்றிலிருந்து அவரைக் கண்டாலே கத்துகிறவள் எப்படிப் போவாள் என்று யோசனையாகவும் இருந்தது.

மங்கை கத்தவில்லை. அவரை உற்றுப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. புடவையைப் பார்த்தாள். மூக்கை நீட்டினாள். என் பச்சைப் புடவை, என் ரவிக்கை, அதற்குள் அவளுடைய பால் துணி. மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிள்ளை மனசுக்குள் ஒரு பெரிய வழக்கே நடந்தது. கடைசியில் புடவைக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி, இரண்டு கையையும் நீட்டி அவர் மேல் பாய்ந்தாள்.

"எங்கிட்ட வந்துட்டா ஹரி," என்றார் யோகேஷ். கண் கலங்கி, கன்னிகா அக்கா தீட்டிய மை ஒழுகியது. பாவம், பிள்ளை தன்னை அடையாளம் கண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மங்கைக்கு வேறு வேலை இருந்தது. காலையிலிருந்து வெயிலில் அலைந்த பிள்ளை, பசி. முந்தானையை விலக்கினாள். ரவிக்கைக்குள் கையை விட்டாள். முகத்தைப் புதைத்து, முட்டி முட்டித் தேடினாள். யோகேஷ் நெளிந்தார், இரண்டு கையாலும் அவளைப் பிடித்திருந்ததால் தடுக்கவும் முடியவில்லை. மங்கை எதையோ பிடித்து இழுத்தாள். உருட்டி வைத்த துணி கையோடு வந்தது. அவள் துணியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இப்படியும் ஒரு மனுஷனா என்கிற பார்வை. அவ்வளவு பெரிய மார்பு, எத்தனை மாதம் இரும்பு தூக்கி வளர்த்தது, பிள்ளைக்குப் பிரயோஜனமாக ஒரு சொட்டு இல்லை. வாயைப் பிளந்து ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், வரிசையில் நின்ற ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

முதலில் மாமா சிரித்தார். அப்புறம் மரத்தடியே சிரித்தது. நானும் சிரித்தேன். எப்போது சிரித்தாலும் கையால் வாயை மூடிக்கொள்கிறவள், அன்றைக்கு மூட ஞாபகமில்லை. மங்கை அவர் கையிலிருந்து என் பக்கம் எகிறினாள். போனாவது போட்டோவாவது, நான் பாய்ந்து போய் இரண்டு கையையும் நீட்டினேன். கன்னிகா அக்கா நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

மங்கை பால் குடித்துத் தூங்கிய பிறகு போனை வாங்கிப் பார்த்தேன். மற்றதெல்லாம் ஆடிப்போயிருந்தன, ஒன்று மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. யோகேஷ் மை ஒழுகிய முகத்தோடு வாயைத் திறந்திருக்கிறார். தாடை சுத்தமாக இல்லை. மார்பு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் மைதானம். நடுவில் மங்கை, ஒரு கையில் துணி, இன்னொரு கை காற்றில். இந்தப் பக்கம் நான், கை மட்டுமல்ல, முழுசாக. தோள், இடுப்பு, வயிறு, தொண்டை தெரிகிற சிரிப்பு. கழுத்தில் மடிப்பு மூன்று.

என் விரல் தானாகவே அழிக்கிற பொத்தானுக்குப் போனது. அப்படிப் பழக்கிவிட்டேன் அந்த விரலை. அழுத்துவதற்கு முன்னால் போட்டோவில் இருந்த மங்கையின் முகம் கண்ணில் பட்டது. அழுகை நின்றும் நிற்காமல், என்னையே பார்த்துக்கொண்டு வருகிறாள். இந்த உலகத்தில் போய்ச் சேர வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்கிற மாதிரி வருகிறாள். தினமும் இப்படித்தான் என்னைப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு இதுவரை ஒரு போட்டோகூடச் சாட்சி இல்லை. எனக்கு அழுகை வந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

இதுதான் ஆணிக்கு என்றேன்.

யோகேஷ் எட்டிப் பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆனது. போனைப் பிடுங்க வந்தார், நான் விடவில்லை.

"இது வேணாம் ஹரி. லைப் முழுக்க சுவத்துல தொங்கும். கொஞ்சம் தாடி வளந்ததும் நல்லதா ஒண்ணு எடுத்துக்..."

பாதியில் நின்றுவிட்டார். இந்த வாக்கியத்தைப் பத்து மாதமாகக் கேட்டவள் நான், சொன்னவர் அவர், இரண்டு பேருக்குமே அது மனப்பாடம். அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மடியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார். ஒரு பக்கம் மேடாக இருந்த துணியை உள்ளேயிருந்து எடுத்து, அதாலேயே ஒழுகிய மையைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தினி நாளா உனக்கு இப்டித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

இப்படித்தான் இருந்தது என்றேன்.

மாமா கொண்டுவந்த பொங்கல் தொன்னையை அவர் வாங்கி என் கையில் கொடுத்தார். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. போட்டோவைப் பெரிசா போடச் சொல்லலாம், நைனா போட்டோ அளவுக்கு என்று மட்டும் போகிற வழியில் சொன்னார். தாடை கொஞ்சம் சரிபண்ண முடியுமா என்று அவர் தனியாகப் போய்க் கேட்டதாக ஸ்டூடியோவிலிருந்து சேதி வந்தது. முடியாது என்று நான் சொல்லியனுப்பினேன்.

இப்போது அது ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் மாமாவின் போட்டோவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள், இதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். யோகேஷ் இன்னும் ஜிம்முக்குப் போகிறார், பூனை இன்னும் வருவதில்லை. தராசில் மாமியார் வெங்காயம் நிறுத்து, காய்க்காரன் ஏமாற்றுகிறானா என்று சரிபார்க்கிறார்.

போட்டோ மாட்டிய அன்று மாமா மங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுவர் முன்னால் நின்றார். எல்லோரும் கூடிவிட்டோம். அம்மா எங்க என்று கேட்டார் மாமா.

மங்கை பழைய போட்டோவைப் பார்த்தாள். புதுப் போட்டோவைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. பிறகு விரலை நீட்டி, வாயெல்லாம் சிரிப்பாக இருக்கிற என்னைத் தொட்டாள். என் மூன்று மடிப்புக் கழுத்தின் மேல் சரியாக விரலை வைத்து, "ம்மா," என்றாள்.

நான் அழுதுகொண்டிருந்ததால் மற்றதைக் கவனிக்கவில்லை. யோகேஷ்தான் ஆசையாக முன்னால் வந்தார். அரைகுறையாக முளைத்த தாடியைத் தடவிக்கொண்டு, அப்பா எங்கடா கண்ணு என்று கேட்டார். மங்கை அவரைப் பார்த்தாள். போட்டோவில் வாயைத் திறந்திருக்கிறவரைப் பார்த்தாள். ஒருவருக்குப் புடவை இல்லை, இன்னொருவர் பால் இல்லாமல் ஏமாற்றியவர், இரண்டும் சரிப்படவில்லை. புடவை கட்டினவர்தான் அப்பா என்பது வரைக்கும் அவளுக்கு நிச்சயம். திரும்பி, அரக்குப் பட்டும் ஒட்டியாணமுமாக நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கிற மாமாவைக் காட்டினாள்.